படம் யாருடைய சொத்து?

நூறு சிற்பிகளைக் கூலிக்கு அமர்த்தி ஒருவர் ஒரு கோபுரத்தை எழுப்புகிறார். வேலை முடியும் தறுவாயில், ஊரார் ஒருவரும் பார்ப்பதற்கு முன், அதைச் சுற்றி மதில் வைத்து மூடிவிட்டு, "கணக்குப் பார்த்ததில் இதுதான் எனக்கு லாபம்" என்கிறார். பணம் அவருடையது, ஆகவே இஷ்டமும் அவருடையது என்று நாம் வாளாவிருக்கலாமா? அமெரிக்க ஸினிமா உலகில் சில வருஷங்களாக நடந்துவரும் விவகாரம் இந்தக் கேள்வியைத்தான் கிளப்பியிருக்கிறது. வானத்தில் பறந்தும், முகமூடி அணிந்தும் துஷ்டர்களை அடக்கும் சூப்பர்ஹீரோக்களின் படங்களைப் பற்றிய பேச்சுத்தானே, இதில் நமக்கென்ன என்று நேயர்கள் எண்ணக்கூடும். விஷயம் குழந்தை விளையாட்டல்ல. உழைப்பு, உடைமை, ஜனங்களின் உரிமை ஆகிய மூன்றும் இதில் அடங்கியிருக்கின்றன.

ஒரு படத்திற்கு வேண்டியதைவிடப் பன்மடங்கு அதிகமாகவே காட்சிகள் பிடிக்கப்படுகின்றன. அவற்றில் எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்பதைப் பொறுத்தே கதையின் போக்கும் சுவையும் அமைகின்றன. ஹாலிவுட்டில் டைரக்டர்கள் சங்கம் செய்துகொண்டிருக்கும் ஒப்பந்தப்படி, முழுநீளப் படத்தை முதன்முதலில் தம் மனம்போல் தொகுத்துக் காட்டுவதற்கு டைரக்டருக்குப் பொதுவாக 10 வார அவகாசம் உண்டு. அதற்கு 'டைரக்டர்ஸ் கட்' என்று பெயர். டைரக்டரின் தொகுப்பு என்று நாம் சொல்லலாம். ஆனால், விசேஷ ஒப்பந்தம் இருந்தாலொழிய, முடிவான தொகுப்பு கம்பெனியின் கையில்தான் இருக்கிறது. வாதாடும் உரிமை கலைஞனுக்கு. தீர்ப்புக் கூறும் உரிமை முதலாளிக்கு.

இதன் விளைவுக்குப் பழைய உதாரணம் 'சூப்பர்மேன்' படங்கள். ரிச்சர்ட் டோனர் என்ற டைரக்டர் 1977-ல் முதல் பாகத்தையும் இரண்டாம் பாகத்தையும் ஒருங்கே படம்பிடித்து வந்தார். இரண்டாம் பாகத்தில் சுமார் முக்கால் பங்கு முடிந்திருந்தது. 1978-ல் வெளியான முதல் பாகம் உலகெங்கும் பெரும் வெற்றியடைந்தது. எனினும், தயாரிப்பாளர்களான ஸால்கைண்டுகளுடன் ஏற்பட்ட பிணக்கினால் டோனர் நீக்கப்பட்டார். ரிச்சர்ட் லெஸ்டர் என்பவர் வந்து பல காட்சிகளை மறுபடியும் எடுத்தார். 1980-ல் படம் அவர் பெயரால் வெளிவந்தது. மார்லன் பிராண்டோவுக்குச் சேரவேண்டிய பங்கை மிச்சப்படுத்துவதற்காக, அவர் நடித்த காட்சிகள் நீக்கப்பட்டன. டோனர் எடுத்த பகுதிகளைத் திரட்டித் தொகுத்த பிரதி 2006-ல்தான் வெளியாயிற்று. படம்பிடிக்கப்படாமலே நின்றுபோன ஒரு காட்சிக்கு, நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும்போது எடுத்த பரீட்சைப் படத்தை ஒட்டுப்போட வேண்டியிருந்தது. கதாநாயகனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவும் பிராண்டோவும் 2004-லேயே காலமாகிவிட்டார்கள். 26 வருஷம் கழித்து வழங்கப்பட்ட நியாயம், அதைக் காண வேண்டியவர்கள் இல்லாத வேளையில் வந்து சேர்ந்தது.

அண்மையில் பெரிதும் பேசப்பட்டது 'ஜஸ்டிஸ் லீக்' விவகாரம். அதன் டைரக்டர் ஜாக் ஸ்னைடர், தம் மகளைப் பறிகொடுத்த துயரத்தினால் 2017 மே மாதத்தில் வேலையிலிருந்து விலகினார். ஜாஸ் வீடன் என்பவர் புதிய காட்சிகளை எடுத்துச் சேர்த்து, 2 மணி நேரப் படமாக்கிக் கொடுத்தார். அவ்வருஷம் நவம்பரில் வெளியான அந்தப் படத்தில் டைரக்டர் என்று ஸ்னைடரின் பெயரே காணப்பட்டது. பெயர் ஒருவருடையது, கைவேலை மற்றொருவருடையது என்பதை ரசிகர்கள் வெகு விரைவில் கண்டுகொண்டார்கள். ஸ்னைடரின் தொகுப்பை வெளியிடுக என்ற கோஷம் எழுந்தது. 2019-ல் ஸான்டியாகோவில் நடந்த காமிக்ஸ் மகாநாட்டின்போது விமானத்தில் கொடி கட்டிப் பறக்கவிட்டார்கள். நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் விளம்பரப் பலகை வைத்தார்கள். அதே சமயத்தில், தற்கொலைத் தடுப்புப் பணிக்காக 5 லட்சம் டாலருக்கு மேல் நிதி திரட்டிக் கொடுத்தார்கள் என்பதையும் மறக்கலாகாது. கடைசியில் வார்னர் கம்பெனி இணங்கியது. சுமார் 7 கோடி டாலர் செலவில் மிச்ச வேலைகள் முடிக்கப்பட்டு, 242 நிமிஷப் படமாக 2021 மார்ச் 18-ந் தேதி வீடுகளுக்கே ஒளிபரப்பாயிற்று.

இதை ஜனங்களின் வெற்றி என்று கொண்டாடியவர்கள் அநேகர். வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் அது எப்படிப்பட்ட வெற்றி என்பதை ஆராய்ந்து பார்ப்பது அவசியம். கம்பெனி அப்போது தன்னுடைய புதிய ஒளிபரப்புச் சேவைக்குச் சந்தாதாரர்களைத் தேடிக்கொண்டிருந்தது. ரசிகர்களின் ஆவலும் முதலாளியின் தேவையும் ஒரு நாளில் சந்தித்தன, பூட்டுத் திறந்தது. 2016-ல் வெளியான 'சூயிஸைட் ஸ்குவாட்' படத்தின் டைரக்டர் டேவிட் அயரும் தம் தொகுப்பு வேறு என்று சொல்லி முறையிட்டார். ஸ்னைடரின் படம் வெளியான சில தினங்களுக்குள், அயரின் தொகுப்பு வராது என்று கம்பெனியின் தலைவர் கூறிவிட்டார். ஒருவருக்குக் கிடைத்ததும் மற்றவருக்குக் கிடைக்காததும் தயவேயன்றி உரிமையாகாது.

கிளர்ச்சிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை கூறுவது நமது கடமை. ஆன்லைனில் நடந்த அந்தக் கிளர்ச்சியில் கலந்துகொண்ட கணக்குகளில் குறைந்தபட்சம் நூற்றுக்கு 13 போலியானவை என்று கம்பெனிக்காகத் தயாரிக்கப்பட்ட ஓர் அறிக்கை கண்டதாக, 2022-ல் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை எழுதியது. சாதாரணமாக இது 3 முதல் 5 வரையில்தான் இருக்குமாம். எதிர்க்கருத்துக் கூறியவர்களைச் சிலர் வாய்க்கு வந்தபடி ஏசியதும் உண்டு. நேர்மையாகக் கேட்ட ஆயிரக்கணக்கானவர்களுக்கு இதனால் வந்தது பழிதான். நியாயமான கோரிக்கைக்குப் போலிக் கையெழுத்து வேண்டியதில்லை. போலி ஒன்று அகப்பட்டால் மெய்யான நூறும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

மாற்றித் தொகுக்கப்பட்ட படமாவது ஏதோ ஓர் உருவத்தில் ஜனங்களிடம் வருகிறது. முற்றிலும் வராமலே போன படங்களின் கதி இன்னும் பரிதாபமானது. 'பென்டாஸ்டிக் போர்' என்ற கதையைப் படமாக்கும் உரிமை 1992 டிசம்பர் 31-ந் தேதியோடு பெர்ன்ட் ஐகிங்கர் என்ற ஜெர்மானியத் தயாரிப்பாளரின் கையைவிட்டுப் போகவிருந்தது. அந்த மாதக் கடைசியில், ரோஜர் கார்மனின் உதவியுடன் சுமார் 10 லட்சம் டாலர் செலவில் படப்பிடிப்புத் தொடங்கிற்று, உரிமை நிலைத்தது. 1994-ல் வரவேண்டிய படம் வரவில்லை. அது வெளியிடுவதற்காக எடுக்கப்பட்டதே அல்ல என்றார், அக்கதையைப் படைத்தவர்களில் ஒருவரான ஸ்டான் லீ. ஐகிங்கர் அதை மறுத்தார். தங்கள் கைப்பணத்தைச் செலவிட்டு விளம்பரம் செய்துவந்த நடிகர்கள் ஏமாந்து நின்றார்கள். எனினும் திருட்டுப் பிரதிகள் கைமாறிக் கைமாறி அந்தப் படம் உயிர் பிழைத்தது. 2025-ல் அதே கதை புதிதாகப் படமானபோது, பழைய நடிகர்கள் நால்வரும் சிறு வேஷங்களில் கௌரவமாகத் தோன்றினார்கள். சட்டம் காப்பாற்றாததைச் சட்டவிரோதம் காப்பாற்றியது என்பது விசித்திரமான நிலைமையல்லவா?

'பாட்கேர்ள்' படத்துக்கு அந்தப் பாக்கியமும் கிட்டவில்லை. சுமார் 9 கோடி டாலர் செலவில் கிளாஸ்கோ நகரில் பிடிக்கப்பட்ட அந்தப் படம், கம்பெனி கைமாறிய சில மாதங்களுக்குள், 2022 ஆகஸ்டில் ரத்து செய்யப்பட்டது. நஷ்டமென்று கணக்கில் எழுதி வரியில் சலுகை பெறுவதே நோக்கம் என்று பத்திரிகைகள் எழுதின. டைரக்டர்களான அடில் எல் அர்பியும் பிலால் பல்லாவும் தங்கள் படத்தை ஒரு பிரதியாவது எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று கம்ப்யூட்டரைத் திறந்தபோது, உள்ளே நுழையும் வழி அடைக்கப்பட்டிருந்ததாகக் கூறினார்கள். அதில் உழைத்தவர்களுக்காக ஸ்டூடியோவுக்குள் இரகசியமாகக் காட்டினார்கள். அதற்கு 'ஈமச் சடங்கு' என்று பெயரிட்டார்கள்.

முதலாளிகள் தரப்பில் சொல்லக்கூடியது என்ன? பணம் போட்டவர்கள் நாங்கள்; மோசமான படத்தை வெளியிட்டு மேலும் நஷ்டப்பட வேண்டுமா என்று கேட்கிறார்கள். விளம்பரத்திற்கும் விநியோகத்திற்கும் பெருந்தொகை பிடிக்கும் என்பது உண்மை. தியேட்டரில் வெளியிட்டே தீரவேண்டும் என்று எவரையும் நிர்ப்பந்திக்க முடியாது. அதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் வெளியிடாமலிருப்பது வேறு. எவரும் என்றுமே பார்க்கக்கூடாதென்று செய்வது வேறு. தான் தின்னாததை மாட்டுக்கும் விடாத வைக்கோற்போர் நாயின் நியாயம் இது. மேலும், நஷ்டத்தைக் காட்டி வரியைக் குறைத்துக்கொண்டால், அந்த நஷ்டத்தில் ஒரு பங்கு பொதுஜனங்களின் தலையில் விழுகிறது. 2023-ல் 'கயோட்டி எதிர் ஆக்மி' என்ற வேறொரு படத்தை இதே கம்பெனி ஒதுக்கியபோது, இன்ஷூரன்ஸ் பணத்துக்காகக் கட்டிடத்தைக் கொளுத்துவது போன்றது இது என்று அமெரிக்கக் காங்கிரஸ் அங்கத்தினர் ஜோக்கின் காஸ்ட்ரோ கண்டித்தார். ஆட்சேபங்கள் வலுத்தன, 2025-ல் அந்தப் படம் வேறொரு கம்பெனிக்கு விற்கப்பட்டது. வாங்குவதற்கு ஆள் இல்லை என்ற வாதம் இதனால் பொய்த்தது.

நோயின் மூலம் சட்டத்தில் இருக்கிறது. கூலிக்குச் செய்த படைப்புக்குக் கூலி கொடுத்தவரே ஆசிரியர் என்பது அமெரிக்கச் சட்டத்தின் கொள்கை. பிரெஞ்சுச் சட்டமோ டைரக்டரைப் படைப்பாளிகளில் ஒருவராக மதிக்கிறது. டைரக்டரும் தயாரிப்பாளரும் உடன்பட்ட பிறகே படம் முடிவு பெற்றதாகக் கொள்கிறது. அந்த மூலப் பிரதியை அழிப்பதை வெளிப்படையாகத் தடுக்கிறது. அமெரிக்க டைரக்டர் ஜான் ஹ்யூஸ்டனின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுக்கு வர்ணம் பூசி ஒளிபரப்ப முயன்றபோது, அவருடைய வாரிசுகளின் வழக்கில் 1991-ல் பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் படைப்பாளியின் பக்கமே நின்றது. இதனால் பிரெஞ்சுப் படத்தொழில் அழிந்துபோகவில்லை.

ஆகவே, செய்ய வேண்டியது தெளிவு. நஷ்டமென்று எழுதி வரிச்சலுகை பெறும் எந்தப் படத்தின் முழுப் பிரதியும், டைரக்டரின் தொகுப்போடு, அமெரிக்கக் காங்கிரஸ் நூல்நிலையத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். வெளியான படைப்புகளைக் கேட்டுப் பெறும் அதிகாரம் அந்த நூல்நிலையத்துக்கு ஏற்கெனவே உண்டு, வெளியாகாதவையே தப்பித்துக்கொள்கின்றன. அந்த வாசலை அடைக்க ஒரு சிறு சட்டம் போதும். படம் நல்லதா, கெட்டதா என்று ஜனங்கள் தீர்மானிக்கட்டும். டைரக்டரின் தொகுப்பே மட்டமானதென்று தெரிந்தாலும் நஷ்டமில்லை. தீர்ப்புக் கூறுவதற்கு முன் சாட்சியைக் கொளுத்தக் கூடாது என்பதே நமது கட்சி.

தயவினால் கிடைத்ததைத் தயவு தீர்ந்ததும் பறித்துக்கொள்ளலாம்; சட்டத்தில் ஏறியதை அவ்வளவு சுலபமாகப் பறிக்க முடியாது. ஒரு படத்துக்காக விமானத்தில் கொடி பறக்கவிட்டவர்கள், அடுத்தபடியாகச் சட்டசபையின் கதவைத் தட்டட்டும்.