தோல் சிவக்காவிட்டாலும் நோய் இருக்கலாம்

கருப்பையில் கருநிறச் சிசு, தாயும் கருநிறம்: நைஜீரியரான சிடிபேரே இபே வரைந்த இந்தப் படம் 2021 டிசம்பரில் உலகெங்கும் பரவியது. மருத்துவப் படங்களில் இப்படியொன்றைப் பார்த்ததே இல்லை என்றார்கள் பலர். அது உண்மைதான். பரவலாகப் பயன்படும் நான்கு மருத்துவப் பாடநூல்களை அலசி 2018இல் வெளியான ஆய்வில், கருநிறத் தோலைக் காட்டிய படங்கள் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை.

உள்ளுறுப்புகள் எல்லோருக்கும் ஒன்றுதானே, நிறத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஈரலுக்கும் இதயத்துக்கும் அது பொருந்தும். ஆனால் மருத்துவரின் கண் முதலில் படுவது தோலில்தான். கிருமித்தொற்றோ ஒவ்வாமையோ வந்தால் தோல் சிவக்கும் என்கிறது பாடநூல். கருநிறத் தோலில் அதே அழற்சி ஊதாவாகவோ சாம்பல் பூத்தோ சற்றே கூடுதல் கருமையாகவோ தெரியும். சிவப்பைத் தேடும் கண் அதைத் தவறவிட்டால் சிகிச்சை தாமதமாகும். நம் மருத்துவர்கள் தினமும் பார்ப்பது மாநிறத்தையும் கருப்பையும்தானே, வார்டே கற்றுத்தராதா? அடிக்கடி வரும் நோய்களைக் கற்றுத்தரும். அரிதானவற்றை மாணவர் படத்தில்தான் முதலில் சந்திக்கிறார். லண்டனில் படித்த மலோன் முக்வெண்டே 2020இல் தன் ஆசிரியர்களுடன் சேர்ந்து, கருநிறத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று காட்டும் கையேட்டை வெளியிட்டது இந்தக் குறையைக் கண்டுதான். கருவிகளும் இதற்கு விலக்கல்ல: விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர், ஆக்ஸிஜன் குறைந்திருப்பதை வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டது என்று அதே ஆண்டு அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. எண் சரியாக இருந்தும் மூச்சு திணறினால் எண்ணை நம்பி வீட்டில் இருக்காதீர்கள்.

நோயாளி செய்யக்கூடியவை உண்டு. மஞ்சள் காமாலையைக் கண்ணின் வெள்ளையில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நீலம் பாரிப்பதை நாக்கிலும் உதட்டின் உட்புறத்திலும் தேடுங்கள். சிவப்பு தெரியாவிட்டாலும் சூடு, வலி, வீக்கம், வழக்கமான நிறத்திலிருந்து மாற்றம் ஆகியவற்றை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பழைய புகைப்படம் இருந்தால் காட்டுங்கள். ஐயம் தீராவிட்டால் வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது உங்கள் உரிமை. தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளி உரிமைச் சாசனம் அதைச் சொல்கிறது. மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. மருத்துவக் கல்லூரிகளின் கடமை இன்னும் பெரிது. பாடநூலில் இல்லாத படங்களுக்கான நோயாளிகள் அவற்றின் தோல்நோய்ப் பிரிவுகளுக்கே தினமும் வருகிறார்கள். அவர்களிடம் விளக்கி, ஒப்புதல் பெற்று, அடையாளம் தெரியாமல் படமெடுத்துத் தொகுக்கலாம். ஒப்புதல் தர மறுப்பவருக்குச் சிகிச்சையில் எந்தக் குறையும் வரக்கூடாது.