மலிவு பஸ் மாகாத்மியம்

தேச சஞ்சாரம் செய்பவர்களில் இரண்டு ஜாதி உண்டு. பணத்தைக் கொடுத்துச் சிரமத்தைத் தவிர்ப்பவர்கள் ஒரு ஜாதி. சிரமத்தைப் பட்டுப் பணத்தை மிச்சம் பிடிப்பவர்கள் மற்றொரு ஜாதி. பள்ளிக்கூட உபாத்தியாயராகிய நாம் எந்த ஜாதி என்பதை நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நம் ஜாதிக்குச் சரித்திரப் பெருமையும் உண்டு. 1957-ஆம் வருஷம் ஏப்ரல் 15-ந் தேதி 'இந்தியாமேன்' என்ற பஸ் லண்டனிலிருந்து இருபது பிரயாணிகளுடன் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. கட்டணம் 85 பவுன். துருக்கி, ஈரான், பாகிஸ்தான் எல்லாம் கடந்து ஜூன் 5-ந் தேதி கல்கத்தா வந்து சேர்ந்தது. பின்னர் எத்தனையோ வெள்ளைக்கார வாலிபர்கள் பெரிய மூட்டையும் சிறிய பணப்பையுமாக அவ்வழியே வந்தார்கள். 1979-ல் ஈரானில் புரட்சியும் ஆப்கானிஸ்தானத்தில் யுத்தமும் மூண்டபின் அந்தப் பாதை அடைபட்டுப் போயிற்று.

நமக்கு அவ்வளவு பெரிய ஆசை இல்லை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பிரயாணிக் கப்பல் தொடங்கிய செய்தியைப் படித்ததிலிருந்து, இலங்கையிலுள்ள சோழர் கோயிலைப் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் மட்டும் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது. ஒரு கோடை விடுமுறையில் இல்லாளுடன் புறப்பட்டோம்.

புறப்பட்ட தினம் திண்டுக்கல் பஸ் நிலையத்தில் ஒரு சிறு சம்பவம். நூற்பாலை வேலைக்காக ஒடிசாவிலிருந்து வந்தவன் போலும், இருபது வயதுப் பையன் ஒருவன், "வேடசந்தூர்? வேடசந்தூர்?" என்று நம்மிடம் கேட்டான். நம்முடைய திருச்சி பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. "அதோ!" என்று கையை எங்கேயோ வீசிவிட்டு ஓடினோம். ஜன்னல் வழியே திரும்பிப் பார்க்கையில் அவன் வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தான். வேடசந்தூர் வடக்கே, வத்தலக்குண்டு தென்மேற்கே. பலகைகளில் இருந்த எழுத்தோ தமிழ். அவனுக்கு இரண்டு பலகையும் ஒன்றுதான். "ஐயோ பாவம்" என்றாள் இல்லாள். திருச்சி வருவதற்குள் நாம் மறந்துவிட்டோம்.

யாழ்ப்பாணம், கண்டி எல்லாம் ஒருவாறு பார்த்து முடிந்தது. தம்புள்ளையில் ஒரு மாலை, பொலன்னறுவைக்குப் போகும் என்று யாரோ கைகாட்டிய பஸ்ஸில் ஏறினோம். பலகையில் சிங்களம் மட்டுமே. முதல் ஆசனம் காலியாயிருந்தது. அதிருஷ்டம் என்று உட்கார்ந்தோம். அடுத்த நிறுத்தத்தில் ஒரு பிக்ஷு ஏறினார். இலங்கை பஸ்களில் முன் ஆசனம் மதகுருமாருக்கு உரியது என்று அப்பொழுதுதான் தெரிந்தது. எழுந்தோம். பையை மேல் தட்டில் செருகிவிட்டுக் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றோம்.

நரைத்த தலைக் கண்டக்டரை மரியாதையாக "ஐயா" என்று அழைத்தோம். அவர் முகம் மலர்ந்து "மல்லி!" என்றார். நிலக்கோட்டை மல்லிகையின் புகழ் இவ்வளவு தூரம் பரவியிருக்கிறதா என்று வியந்தோம். சிங்களத்தில் 'ஐயா' என்றால் அண்ணன், 'மல்லி' என்றால் தம்பி என்பது பிறகு தெரிந்தது. "பொலன்னறுவை" என்றோம், தலையாட்டினார். பழைய நகரத்தருகில் இறங்க வேண்டும் என்று சொல்ல நமக்குப் பாஷை இல்லை. மின்னேரியாக் காட்டில் யானைகள் சாலையை மறித்து அரைமணி நேரம் விழுங்கின. இருட்டியபின் பஸ் நின்ற இடம், பழைய நகரத்தைத் தாண்டிச் சுமார் நான்கு கிலோமீட்டரிலுள்ள கதுருவெல. இறங்கினோம், பஸ் போய்விட்டது.

"என்னங்க, பை எங்கே?" என்றாள் இல்லாள்.

பணமும் பாஸ்போர்ட்டும் அதில்தான் இருந்தன. சுற்றிலும் படிக்கத் தெரியாத எழுத்து, புரியாத பேச்சு. கேட்டவர்களில் இருவர் அவசரமாகக் கையை வீசிவிட்டுப் போனார்கள். அந்தக் கைவீச்சை எங்கே பார்த்தோம் என்று நினைத்ததும் வத்தலக்குண்டு பஸ் கண்முன் வந்து நின்றது.

கடையை அடைத்துக்கொண்டிருந்த ஒரு முஸ்லிம் பெரியவர், நாம் தமிழில் புலம்புவதைக் கேட்டு அருகே வந்தார். "பதறாதீங்க சேர். அந்த டிரைவர்ட ஊடு எனக்குத் தெரியும்" என்று தாமே ஆட்டோ பிடித்து அழைத்துப் போனார். பை பத்திரமாக இருந்தது. உள்ளேயிருந்து வந்த நம் கண்டக்டர், "மல்லி!" என்று சிரித்தபடி அதை நீட்டினார். பெரியவர் ஆட்டோக் கூலியைக்கூட வாங்க மறுத்துவிட்டார்.

மறுநாள் காலை கோயிலைக் கண்டோம். பதினோராம் நூற்றாண்டில் சோழர்கள் பொலன்னறுவையை ஜனநாதமங்கலம் என்று அழைத்து ஆண்டபோது எழுப்பிய வானவன்மாதேவி ஈச்சரம் அது. இராஜேந்திர சோழனின் தாயார் பெயர் கொண்டது. சுவரில் தமிழ்க் கல்வெட்டுக்கள். வடிவம் பழையதாயினும் நம் எழுத்து! சோழர் பெருமையை நினைத்து மட்டும் நம் கண்கள் நனையவில்லை. முந்திய இரவு முழுவதும் எழுத்தறியாதவனாகத் திரிந்தவனுக்கு, தெரிந்த எழுத்து ஒன்றைக் காண்பது எத்தகைய ஆறுதல்! திண்டுக்கல் பஸ் நிலையத்தில் அந்தப் பையனுக்கு அது கிட்டவில்லை.

ஊர் திரும்பியதும் அவனைத் தேடினோம். எங்கே கிடைப்பான்? ஆனால் அவனைப் போன்றவர்கள் தினமும் வருகிறார்கள். பழனிக்கு வழி கேட்கும் மலையாளிகளும் உண்டு. இப்பொழுதெல்லாம் கையை வீசுவதில்லை. கூடவே நடந்துபோய் பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறோம். இதனால் நம்முடைய பஸ்ஸை இரண்டு தடவை தவறவிட்டாயிற்று. பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் முகம் சுளித்தார். கதுருவெலக் கடனில் வட்டி கட்டுவதாக நினைத்துக்கொண்டோம்.