கூடைப்பந்து எறிதலில் கணுக்கால் காயங்களைத் தவிர்த்தல்

கூடைப்பந்தாட்டத்தில் வளையத்தை நோக்கிப் பந்தை எறியும் வீரர்களுக்கு அடிக்கடி ஏற்படும் காயம் கணுக்கால் சுளுக்கு ஆகும். "பந்து போடும்போது கால் பிசகிவிட்டது" என்று மாணவர்கள் சொல்வது வழக்கம். உண்மையில் பல சுளுக்குகள் பந்து கையை விட்டுப் போன பிறகு, கால் தரையைத் தொடும் நொடியில் நேர்கின்றன. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 10,000க்கும் மேற்பட்ட ஆட்டப் பங்கேற்புகளைக் கவனித்து 2001இல் வெளியிடப்பட்ட ஆய்வில், கணுக்கால் காயங்களில் 45 விழுக்காடு தரையிறங்கும்போது ஏற்பட்டவை எனத் தெரியவந்தது. ஆனால் பள்ளிகளில் பந்தைப் பிடிக்கும் முறையும் மணிக்கட்டை மடக்கும் முறையும் கற்றுத்தரப்படும் அளவுக்குத் தரையிறங்கும் முறை கற்றுத்தரப்படுவதில்லை.

காயம் ஏற்படும் விதம்

கணுக்காலின் வெளிப்புற எலும்பு முனை, உட்புற முனையைவிடச் சற்றுக் கீழே இறங்கியிருக்கும். அதனால் பாதம் வெளிப்பக்கம் மடங்குவதைவிட உட்பக்கம் மடங்குவது எளிது. மேலும், குதிக்கும்போது பாதம் விரல்நுனி கீழ்நோக்கியபடி நீண்டிருக்கும். அந்த நிலையில் கணுக்கால் எலும்பின் குறுகிய பின்பகுதியே மூட்டின் பள்ளத்தில் இருப்பதால் மூட்டு தளர்வாக இருக்கும். அப்படியே பாதத்தின் வெளி விளிம்பு முதலில் தரையைத் தொட்டால் உடல் எடை முழுவதும் அதன்மேல் விழுகிறது. எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் தசைநார்களில் வெளிப்புறம் முன்பக்கமாக உள்ளதே முதலில் இழுபட்டுக் கிழிகிறது.

மற்றவர் பாதத்தின்மேல் இறங்குதல்

சுளுக்குக்கு மிக மோசமான காரணம் மற்றொரு வீரரின் பாதத்தின்மேல் இறங்குவது. 2017 மே 14 அன்று அமெரிக்காவின் என்.பி.ஏ. மேற்குப் பிரிவு இறுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தில், சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் கவாய் லெனார்ட் எறிந்துவிட்டு இறங்கியபோது, தடுக்க வந்த சாசா பச்சூலியாவின் பாதத்தின்மேல் கால் வைத்தார். அப்போது ஸ்பர்ஸ் 23 புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. லெனார்ட் வெளியேறிய பின் அந்த ஆட்டத்தை 111–113 என இழந்தது. தொடரின் மீதி ஆட்டங்களில் அவர் ஆடவில்லை. அடுத்த பருவத்திலிருந்து, எறிபவர் இறங்கும் இடத்திற்குள் பொறுப்பின்றிக் கால் நீட்டுவதைக் கடுமையான தவறாக அறிவிக்க நடுவர்களுக்கு அதிகாரம் தரப்பட்டது.

பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் விதிகளும் இதில் தெளிவாக உள்ளன. துள்ளிய வீரருக்குத் துள்ளிய இடத்திலேயே இறங்க உரிமை உண்டு. அவர் காற்றில் இருக்கும்போது எதிராளி அடியில் புகக்கூடாது. இரு பாதங்களும் தரையைத் தொடும்வரை எறிதல் முடிந்ததாகக் கருதப்படுவதில்லை. எனவே தடுப்பவர் கையை உயர்த்தி, ஓர் அடி முன்னதாகவே நின்றுகொள்ளப் பழக வேண்டும். பள்ளிப் போட்டிகளில் கைத் தவறுகளுக்கு ஊதப்படும் விசில் காலடித் தவறுகளுக்கும் ஊதப்பட்டால் பல சுளுக்குகள் குறையும்.

தரையிறங்கும் முறை

ஜம்ப் ஷாட்டில் நேராக மேலே எழும்பி, ஏறத்தாழ அதே இடத்தில் இரு கால்களிலும் இறங்க வேண்டும். பாதங்கள் தோள் அகலத்தில் இருக்க, முன்பாதம் முதலில் தொட்டு, பின்னர் குதிகால் படிய வேண்டும். முழங்கால் மடங்கியே இருக்க வேண்டும். எறிந்ததும் பந்தையே பார்த்தபடி ஒருபக்கமாகச் சாய்ந்து இறங்குவது இளம் வீரர்களிடம் அதிகம் காணப்படும் பழக்கம். லே-அப்பில் ஒற்றைக் காலில் எழும்பி, வளையத்தின் அடியில் நெரிசலில் இறங்க நேர்வதால் அங்கும் இரு காலில் இறங்கவே முயல வேண்டும். இறங்கும் சத்தமே நல்ல அளவுகோல்: 'தொம்' என்று கேட்டால் முழங்கால் மடங்கவில்லை என்று பொருள்.

சமநிலைப் பயிற்சிக்குச் செலவே இல்லை. ஒற்றைக் காலில் நின்று பந்தைச் சுவரில் எறிந்து பிடிப்பது, பழகிய பின் கண்ணை மூடி நிற்பது போதும். அமெரிக்காவில் 765 உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்து, கால்பந்து வீரர்களிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், இத்தகைய பயிற்சி பெற்றவர்களிடம் சுளுக்கு வீதம் 38 விழுக்காடு குறைந்திருந்தது. சிமெண்ட் தளங்களில் ஆடுவோர், ஆட்டத்திற்கு முன் தளத்தைப் பெருக்குவதையும் பயிற்சியின் பகுதியாகவே கொள்ளலாம். வளையத்தின் அடியில் கிடக்கும் மணலும் சிறு கற்களும் காலை வழுக்கிவிடும்.

காலணி

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதியில் ஷூ தொழிற்சாலையில் வேலை செய்பவர் இல்லாத தெரு குறைவு. நல்ல ஷூவின் குதிகால் பகுதியில், உள்ளே ஒரு விறைப்பான தகடு வைத்துத் தைக்கப்பட்டிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதைக் கட்டைவிரலால் அழுத்தினால் எளிதில் மடங்கக்கூடாது. ஷூவை வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் அல்ல. சீருடைக்கான கறுப்புத் தோல் ஷூ நடப்பதற்கானது. அதன் வழுவழுப்பான அடிப்பகுதி ஆட்டத்திற்கு உதவாது.

கணுக்காலை மூடும் உயரமான ஷூ காயத்தைத் தடுக்கும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. 622 கல்லூரி வீரர்களிடம் நடந்து 1993இல் வெளியான ஆய்வில், ஷூவின் உயரத்திற்கும் சுளுக்கிற்கும் வலுவான தொடர்பு காணப்படவில்லை. மாறாக, கயிறு கட்டும் கணுக்கால் உறை அணிந்த பள்ளி வீரர்களிடம் காயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததை 1,460 மாணவர்களிடம் நடந்த 2011ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. விலையுயர்ந்த ஷூ வாங்க முடியாத மாணவருக்கு இது நல்ல செய்தி.

சுளுக்கிய பின்

ஒருமுறை சுளுக்கியவருக்கு மீண்டும் காயம் ஏற்படும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு என மேற்கண்ட மெல்போர்ன் ஆய்வு கூறுகிறது. ஆகவே முதல் சுளுக்கை முழுமையாக ஆற்றுவதும் தடுப்பு முறையே. காயம்பட்டதும் ஆட்டத்தை நிறுத்தி, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 15 முதல் 20 நிமிடம் வைத்து, காலை உயர்த்தி வைக்க வேண்டும். எண்ணெய் தடவிச் சுளுக்கு வழிப்பது முதல் சில நாட்களில் வீக்கத்தை அதிகமாக்கும். நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பு முனைகளின் பின்விளிம்பை அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். புத்தூர்க் கட்டுக்குப் போக விரும்பும் குடும்பங்களும் அதற்கு முன் எக்ஸ்ரே பார்த்துவிடுவது நல்லது.

வலியை மரக்கச் செய்யும் ஸ்பிரே அடித்துக்கொண்டு மீண்டும் களமிறங்குவது பற்றி வேலூருக்கே ஒரு பாடம் உண்டு. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கை கால்கள் சிதைவது தசை அழுகுவதால் அல்ல, வலி உணராமல் மீண்டும் மீண்டும் காயப்படுவதால் என்று விளக்கினார். அவர்களுக்கென மென்மையான அடிப்பகுதி கொண்ட செருப்புகளை உருவாக்கும் பணியும் இதிலிருந்தே வளர்ந்தது. வலி தெரியாத கால் தன்னைக் காத்துக்கொள்வதில்லை.

வலியின்றி நடக்கவும் ஓடவும் முடிந்த பிறகு, காயம்பட்ட காலில் மட்டும் நின்று பத்து முறை துள்ளிப் பார்க்க வேண்டும். இன்னொரு காலைப் போலவே அது உறுதியாக இருந்தால், முதலில் நின்ற நிலையில் எறிந்து பழகி, பிறகு துள்ளி எறியலாம். எதிராளியுடன் ஆடுவது அதன் பின்புதான்.