இட்லி மாவு காப்பாற்றிய டியூப்!

‘‘ஏங்க... பதினெட்டாயிரம் ரூபாய்க்கு டியூப் வாங்கப் போறேன்னு சொல்றீங்களே... அது லாரி டியூபா, டிராக்டர் டியூபா?’’

என் மனைவி கேட்ட இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சீட்டு எடுத்த இருபதாயிரம் ரூபாய் வாஷிங் மெஷினுக்காக வைத்தது. அதில் டியூப் வாங்குகிறேன் என்று ஒரு புருஷன் வந்து நின்றால், எந்தப் பெண்தான் தீபாராதனை காட்டுவாள்?

முதலில் அடியேன் யார் என்று சொல்லிவிடுகிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை அண்ணா சாலைப் பக்கம் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன். சனி, ஞாயிறு, முகூர்த்த நாட்களில் ஒரு லைட் மியூசிக் குழுவில் பேஸ் கிடார்.

கல்யாண ரிசப்ஷனில் மேடையின் கடைசியில், டிரம்ஸுக்கும் ஜெனரேட்டர் ஒயருக்கும் நடுவே, நாலு கம்பி கிடாரோடு ஒருவன் நிற்பானே... பார்த்திருப்பீர்கள். இல்லை, பார்த்திருக்க மாட்டீர்கள். யாருமே பார்ப்பதில்லை. எப்போதாவது ஒரு மாமா மேடை ஏறி வந்து, ‘‘பாக்கி ரெண்டு கம்பி அறுந்துபோச்சா தம்பி?’’ என்று அனுதாபமாக விசாரிப்பார். அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைக்கிற விமரிசனம்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு நாள் குழு லீடர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

‘‘பட்ஜெட்டு ரொம்ப இறுக்குதுப்பா. அடுத்த மாசத்துலேர்ந்து கீபோர்டுக்காரரே இடது கையில பேஸ் வாசிச்சுடலாமான்னு பாக்கறேன். தப்பா நெனைச்சுக்காதே... நீ வாசிக்கிறது கீழே யாருக்கும் கேக்கவே மாட்டேங்குது!’’

வேலை போகிறது என்பதைவிட, அந்தக் கடைசி வரிதான் குத்தியது. காரணம், அது உண்மை.

கேட்காத சத்தம்

ஏன் கேட்கவில்லை என்று ராத்திரியெல்லாம் யோசித்தேன். பேஸ் கிடாரில் தடியான கம்பியைத் தட்டினால் விநாடிக்கு 41 அதிர்வுதான். அவ்வளவு கீழான சத்தத்தைக் கல்யாண மண்டபத்துச் சின்ன ஸ்பீக்கர்களால் கொடுக்க முடியாது. ஆனால், நம் காது இருக்கிறதே, அது பெரிய கில்லாடி. 41 காதில் விழாவிட்டாலும், அதன் இரண்டு மடங்கான 82, மூன்று மடங்கான 123 எல்லாம் விழுந்தால் போதும். ‘ஓகோ, இந்தச் சத்தமா!’ என்று அடிச் சுரத்தைத் தானே கற்பனை பண்ணிக் கேட்டுக்கொள்ளும். மேனேஜரின் தும்மல் சத்தம் காரிடாரில் கேட்டதுமே ஆபீஸ் முழுக்க ஃபைலைத் திறப்பதில்லையா... அந்த மாதிரி!

டியூப் செய்கிற வேலை அதுதான். கிடாரிலிருந்து வருகிற சன்னமான சிக்னலை வலுப்படுத்தி, பெரிய ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது ப்ரீ-ஆம்ப். அதற்குள்ளே டியூப் இருந்தால், சத்தத்தைப் பெரிதாக்கும்போதே அந்த இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வுகளையும் கொஞ்சம் சேர்த்துத் தரும். சாம்பாரில் பெருங்காயம் மாதிரி. அளவோடு இருந்தால் மணம். கை தவறினால் கதை கந்தல்.

‘டியூப்’ என்பது வேறொன்றுமில்லை, நம் தாத்தா காலத்து ‘வால்வு’தான். சுவிட்சைப் போட்டுவிட்டுக் காபி குடித்து முடிப்பதற்குள் பாட ஆரம்பிக்குமே வால்வு ரேடியோ, அதில் ஆரஞ்சு நிறத்தில் எரிந்த அதே கண்ணாடிக் குமிழ். அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் 1906-ல் மூன்று முனை வால்வைக் கண்டுபிடித்தார். 1947-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அப்புறம் மெல்ல மெல்ல ரேடியோ, டி.வி. எல்லாவற்றிலிருந்தும் வால்வு பென்ஷன் வாங்கிக்கொண்டு போய்விட்டது. கிடார்காரர்கள் மட்டும் விடவில்லை. லியோ ஃபெண்டரின் எலெக்ட்ரிக் பேஸ் கிடார் 1951-ல் வந்தபோது, அது இணைந்தது டியூப் ஆம்ப்ளிஃபயரோடுதான். 1969-ல் ஆம்பெக் கம்பெனி 300 வாட்டில் ‘எஸ்.வி.டி.’ என்ற ராட்சசனை இறக்கியது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அதைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனது. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பழகிய காதுகள் வேறெதையும் ஒப்புக்கொள்ள மறுக்கின்றன.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வால்வு தயாரித்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. இன்றைக்குப் புது டியூப் என்றால் பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாகியா, சீனா. 2022-ல் போர் ஆரம்பித்து ரஷ்யச் சரக்கு தடைப்பட்டதும் விலை எகிறிவிட்டது. எங்கேயோ குண்டு விழுந்தால் மாம்பலத்தில் பேஸ் கிடார்காரனுக்கு வலிக்கிறது!

பெரம்பூர் அங்கிள்

புதுசு வாங்க வசதி கிடையாது. ‘‘பெரம்பூர்ல ரிட்டயர்டு ரயில்வே அங்கிள் ஒருத்தர் ஒண்ணு வெச்சிருக்கார். விக்கறதா கேள்வி’’ என்று இன்னொரு குழுவின் டிரம்மர் துப்புக் கொடுத்தார்.

போனேன். எழுபது வயசுக்கு மேல் இருக்கும். அயர்ன் செய்த சட்டையோடு, நேர்காணலுக்கு வந்தவர் மாதிரி எனக்காகக் காத்திருந்தார். மேஜைமேல் வெல்வெட் துணியால் மூடிய பெட்டி. மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததாம்.

‘‘ஏன் தம்பி, பேஸ் வாசிக்க இன்னும் ஆள் கூப்பிடறாங்களா?’’

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘‘கூப்பிடறாங்க அங்கிள்... அடுத்த மாசம் வரைக்கும்’’ என்றேன்.

சிரித்தார். சுவிட்சைப் போட்டு, அரை நிமிஷம் சூடாக விட்டார். என் கிடாரைச் சொருகி ஒரு கம்பியைத் தட்டினேன். ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. அறையில் யாரோ தடிமனான ஆள் நுழைந்த மாதிரி இருந்தது அந்தச் சத்தம். நான் பதினொரு வருஷமாக வாசிப்பது இதைத்தானா!

இருபது என்றார் அவர். பதினாறு என்றேன் நான். ஆன்ட்டி பிளம் கேக்கும் டீயும் கொண்டுவந்து வைத்தார். கேக்கைச் சாப்பிட்டுவிட்டு எப்படிப் பேரம் பேசுவது? பதினெட்டில் முடிந்தது. கச்சேரிக்கு ஆயிரத்தைந்நூறு வாங்குகிற எனக்கு அது பன்னிரண்டு கச்சேரி.

கிரைண்டர் தெய்வம்

பஸ்ஸில் பெட்டியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் பிளக்கைத் தேடினேன். ஹாலில் இருந்த ஒரே ஒரு பிளக் பாயின்ட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

‘‘அஞ்சே நிமிஷம், இதை ஆன் பண்ணிப் பார்த்துடறேனே...’’

‘‘மாவு அரைஞ்சு முடியட்டும். அதுவரைக்கும் உங்க டியூபுக்குக் காத்தடிச்சுக்கிட்டு இருங்க!’’

வேறு வழி? உட்கார்ந்து பெட்டியைத் திருப்பித் திருப்பித் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம், பொடி எழுத்தில் ஒரு வரி: ‘120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்’.

ஒரு விநாடி எனக்கு மூச்சு நின்றது. நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட்! அமெரிக்கப் பெட்டியை அப்படியே சொருகியிருந்தால் உள்ளே எல்லாமே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு மின்சாரத்தில் நின்றிருக்கும். ஃபியூஸ் போனால் நம் அதிர்ஷ்டம். போகாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் கருகி, கெபாசிட்டர் வெடித்து, பன்னிரண்டு கச்சேரியும் பத்து விநாடியில் புகை!

அப்படியானால் பெரம்பூரில் எப்படி வேலை செய்தது?

அதே நேரம் போன் அடித்தது. அங்கிள். குரல் நடுங்கியது.

‘‘தம்பி... மேஜைக்கு அடியில இருந்த கறுப்புப் பெட்டியை விட்டுட்டுப் போயிட்டீங்க. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர். சொல்ல மறந்துட்டேன். சொருகிடலையே? சொருகிடலையே தம்பி?’’

‘‘இல்ல அங்கிள். மாவு அரைக்கிறாங்க!’’

அந்தப் பக்கம் ஒரு நீண்ட பெருமூச்சு. என்ன புரிந்ததோ, ‘‘காட் பிளஸ் தி மாவு’’ என்றார்.

மறுநாள் ஆபீஸ் முடிந்து திரும்பப் போனேன், பெட்டியோடு. டிரான்ஸ்ஃபார்மரை மாட்டிச் சரிபார்த்ததும், ‘‘ஒரு தடவை நீங்க வாசிங்க அங்கிள்’’ என்று கிடாரை நீட்டினேன். வேண்டாம் வேண்டாம் என்றவர் வாங்கிக்கொண்டார். விரல்கள் கொஞ்சம் நடுங்கின. கம்பியைத் தொட்டதும் நடுக்கம் நின்றுவிட்டது. பத்து நிமிஷம் வாசித்தார். ஆன்ட்டி சமையலறை வாசலில் வந்து நின்றார், எதுவும் சொல்லவில்லை.

‘‘என்னையும் ஒரு கீபோர்டுதான் அனுப்பிச்சுது’’ என்றார், கிடாரைத் திருப்பிக் கொடுத்தபடி. ‘‘லீடர் மேல கோபம் இல்ல. ஆனா ஒருத்தன்கூட, ‘இன்னிக்கு என்னமோ குறையுதே’ன்னு கேக்கலை தம்பி. அதான்...’’

மேற்கொண்டு பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

பாய் சொன்ன பாடம்

பழைய சாமானை அப்படியே மேடைக்குக் கொண்டுபோகக் கூடாது என்று திருவல்லிக்கேணியில் ஒரு ரேடியோ மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனேன். மூடியைக் கழற்றியவர் பழைய சினேகிதனைப் பார்த்த மாதிரி முகம் மலர்ந்தார்.

‘‘அட, நம்ம இ.சி.சி. எண்பத்து மூணு! அமெரிக்காக்காரன் 12ஏஎக்ஸ்7ம்பான். மைக் செட் ஆம்ப்ளிஃபயர்லேர்ந்து கூடை கூடையாக் கழட்டிப் போட்டோம் தம்பி. இப்ப இதுக்கா இவ்ளோ விலை குடுக்குறீங்க?’’

ஒரு பென்சிலை எடுத்து ஒவ்வொரு டியூபாக மெள்ளத் தட்டினார். ஒன்று ஸ்பீக்கரில் ‘டிங்ங்’ என்று மணியடித்தது. ‘‘இவன் மைக் ஆயிட்டான். மாத்தணும்.’’ காய்ந்துபோன இரண்டு கெபாசிட்டர்களையும் மாற்றினார். புது டியூப், கெபாசிட்டர், கூலி எல்லாம் சேர்ந்து மூவாயிரத்து முந்நூறு. ஆக, இன்னும் இரண்டு கச்சேரி!

உங்களில் யாராவது பழைய டியூப் ப்ரீ-ஆம்ப் வாங்கப் போனால், பாயிடமும் பட்டும் நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன்:

* முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். எத்தனை வோல்ட்? 120 என்றால், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சொருகாதீர்கள்.

* கண்ணாடிக்குள் உச்சியில் வெள்ளி மாதிரி மின்னும் பூச்சு இருக்கும். அது வெளுத்துப் பால் நிறமாகியிருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது. டியூப் காலி.

* பத்து நிமிஷம் ஓடவிட்டுக் கேளுங்கள். கிடாரைச் சொருகாதபோதே ‘ஹம்ம்...’ என்று பலமாக இரைந்தால் கெபாசிட்டர் செலவு காத்திருக்கிறது. அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.

* எல்லாத் திருகையும் திருகுங்கள். ‘கரகர’ சத்தம் பெரும்பாலும் தூசி. கிளீனர் அடித்தால் போய்விடும். பயப்படவேண்டாம்.

* டியூப் இருப்பதெல்லாம் டியூப் ப்ரீ-ஆம்ப் இல்லை. இந்த டியூப் ஒழுங்காக உழைக்க இருநூறு வோல்ட்டுக்கு மேல் கேட்கும். சில மலிவுப் பெட்டிகளில் நாற்பது, ஐம்பது வோல்ட்டைக் கொடுத்துப் பட்டினி போட்டு, பின்னால் ஒரு குட்டி விளக்கைப் போட்டு ஜொலிக்க விட்டிருப்பார்கள். பந்தியில் உட்காரவைத்து ஊறுகாய் மட்டும் போடுகிற மாதிரி. அதுவும் ஒரு ருசிதான். ஆனால் சாப்பாட்டு விலை கொடுக்காதீர்கள்.

* நீங்களே திறந்து கை வைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் முந்நூறு வோல்ட் வரை ஒளிந்திருக்கலாம். பாயே ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் அளந்தார்.

அந்த ராத்திரி

மாம்பலத்தில் ரிசப்ஷன். அங்கிளையும் அழைத்திருந்தேன். கடைசி வரிசையில், அதே அயர்ன் செய்த சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது பாட்டு இளையராஜா. பேஸுக்கும் தனியாக ஒரு ராகம் எழுதுகிற மனுஷன் அவர். வாசித்தேன். இரண்டாவது சரணத்தில் கீபோர்டுக்காரர் இடது கையை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். கடைசி வரிசையில் அங்கிள் கண்ணை மூடியிருந்தார். திடீரென்று திறந்து, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து இடப்பக்கம் திருகிக் காட்டினார். ‘டிரெபிளைக் குறை!’ குறைத்தேன். தலையாட்டினார்.

கச்சேரி முடிந்தது. மணமக்கள் பாடகரோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கம் யாரும் வரவில்லை, வழக்கம்போல. சமையல்காரர் மட்டும் வந்தார்.

‘‘ஏன் தம்பி, இன்னிக்கு என்ன புதுசா வாசிச்சீங்க? அண்டா மேல மூடி தானா ஆடுச்சு!’’

பதினொரு வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான விமரிசனம். அங்கிளுக்குச் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

லீடர் பணத்தை எண்ணிக் கொடுத்தபடி, ‘‘பெரிய கச்சேரிக்கெல்லாம் நீ வந்துடு. சின்ன ரிசப்ஷனுக்கு மட்டும் கீபோர்டே பாத்துக்கட்டும், என்ன?’’ என்றார். முழு ஜெயம் இல்லை. பாதி வேலை மிச்சம். இந்தக் காலத்தில் அதுவே பெரிசு.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்டா மூடி ஆடியதையும் விடவில்லை. பொறுமையாகக் கேட்டவள், வாளியில் ஊறவைத்திருந்த துணிமூட்டையைக் காட்டினாள்.

‘‘அந்த டியூபுக்கு அவ்ளோ பலம் இருந்தா, இதையும் கொஞ்சம் ஆட்டிக் குடுக்கச் சொல்லுங்க!’’

வாஷிங் மெஷின் வருகிறவரை ஞாயிற்றுக்கிழமைத் துணி துவைப்பது என் டிபார்ட்மென்ட். கச்சேரி இல்லாத ஞாயிறுகள் இப்போது நிறையவே இருக்கின்றன.