பலிக்கு எதிர்ப்பலி: ஃபால்க்பீரின் தொடக்கம்

சதுரங்கத்தில் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயைப் பலியிட்டு, அதற்கு ஈடாகக் காய்களை விரைந்து களமிறக்கும் வாய்ப்பைப் பெறுவது காம்பிட் எனப்படும். அப்பலியை ஏற்க மறுத்து, எதிராளி தன் சிப்பாய் ஒன்றைப் பலியிட்டுத் தாக்குதலைத் தன் கைக்கு மாற்றிக்கொள்வதே கவுன்டர்காம்பிட். ஆஸ்திரிய ஆட்டக்காரர் எர்ன்ஸ்ட் ஃபால்க்பீரின் (1819-1885) பெயரால் வழங்கும் தொடக்கம் இவ்வகையில் மிகத் துணிச்சலானவற்றுள் ஒன்று. கிங்ஸ் காம்பிட்டில் வெள்ளை தன் இரண்டாம் நகர்த்தலில் ராஜாவின் மந்திரிக்கு முன்னுள்ள சிப்பாயை வெட்டுக்கு நீட்டுகிறது. ஃபால்க்பீர் முறையில் கறுப்பு அதைத் தொடாமல் ராணியின் சிப்பாயை இரு கட்டம் முன்னே தள்ளுகிறது. வெள்ளை அதை வெட்டியதும், கறுப்பின் நடுச்சிப்பாய் இ4 கட்டத்துக்கு ஏறி, வெள்ளைக் குதிரை வழக்கமாக வந்து நிற்கும் எஃப்3 கட்டத்தை அதற்கு மறுத்துவிடுகிறது. இந்த ஒற்றைச் சிப்பாயே தொடக்கத்தின் உயிர்நாடி என்பதால், வெள்ளை உடனே டி3 நகர்த்தி அதை அசைப்பதே சிறந்த விடையென்று பிற்கால ஆய்வு கண்டது.

பிரெஸ்லாவ் நகரில் (இன்றைய போலந்தின் விராட்ஸ்வாஃப்) 1862-இல் இத்தொடக்கத்தில் நடந்த ஓர் ஆட்டத்தில், பின்னாளில் கணிதப் பேராசிரியரான யாக்கோப் ரோசானெஸ், அந்நகரப் பள்ளியொன்றில் கணிதம் கற்பித்த அடால்ஃப் ஆண்டர்சனுக்கு எதிராக வெள்ளைக் காய்களுடன் ஆடி, டி3 வழியை விட்டுச் சிப்பாய்களைச் சேர்ப்பதில் இறங்கினார். எட்டாம் நகர்த்தலில் வெள்ளைக்கு இரண்டு சிப்பாய்கள் மிகுதியாயினும், கறுப்பின் குதிரைகளும் ஒரு மந்திரியும் களத்தில் இருந்தன. அடுத்துக் கறுப்பு ராஜா கோட்டை கட்டிக்கொண்டது; பின்னர் கோட்டையொன்று வெள்ளை ராஜாவுக்கு நேரெதிரே வந்தது. ஒன்பதாம் நகர்த்தலில் ரோசானெஸ் செய்த மந்திரி-குதிரை மாற்றம் கறுப்புக்கு பி வரிசையைத் திறந்துகொடுத்தது. பின்னர் அவருடைய ராஜா புகலிடம் தேடிச் சேர்ந்ததும் அதே பக்கத்தில்தான்! பிழையின் ஆழம் இங்கேதான் விளங்குகிறது.

பதினேழாம் நகர்த்தலில் ஆண்டர்சன் தம் ராணியையே பி3 கட்டத்தில் பலியிட்டார். அதை வெட்டிய சிப்பாயைக் கறுப்புக் கோட்டை வெட்டி, எஃப்5 மந்திரியின் துணையோடு பி1 கட்டத்தில் முடிவான முற்றுகையிட, அதாவது செக்மேட் செய்ய, ஆயத்தமாக நின்றது. ரோசானெஸ் டி2 கட்டத்திலிருந்த தம் மந்திரியை விலக்கி ராஜாவுக்கு வழிவிட்டார். ஆனால் டி4 கட்டத்திலிருந்த கறுப்பு மந்திரி இ3 கட்டத்துக்குத் தாவிச் செக் கொடுத்ததில், டி வரிசை திறந்து, பின்னிருந்த மற்றொரு கோட்டையின் பார்வை டி2 கட்டத்தில் விழுந்தது. ராணியால் அம்மந்திரியை வெட்டினாலும் பி1 கட்டத்தில் செக்மேட்டைத் தவிர்க்க முடியாது என்பதால், ரோசானெஸ் அத்துடன் ஆட்டத்தைக் கைவிட்டார்.