புட்டும் தேங்காய்ப்பூவும்: ஓட்டமாவடிக்கு ஒரு பயணம்

கிரேக்க நாட்டின் பழம்பதிகளைக் காணப் பலர் கடல் கடந்து செல்கின்றனர். கற்றூண்களைக் கண்டு, கடலழகில் திளைத்து, அந்நாட்டு உணவையும் சுவைத்து மீள்கின்றனர். நன்றே. ஆயின் பண்பாடும் இயற்கையெழிலும் இனிய உணவும் ஒருங்கே அமைந்த பகுதி எம் நாட்டின் கீழ்க்கரையிலும் உண்டு. அதனைக் காணவே சென்ற விடுமுறையில் நாம் குடும்பத்துடன் மட்டக்களப்புப் புகையிரதத்தில் ஏறினோம்.

பொழுது புலரும் வேளையில் வண்டி புணானைக் காட்டை அடைந்தது. மனிதரைக் கொன்று தின்ற சிறுத்தையொன்று 1924இல் இங்கே சுட்டு வீழ்த்தப்பட்டது. பதப்படுத்திய அதன் உடலைக் கொழும்பு நூதனசாலையில் வைத்துள்ளனர். இக்கதையைக் கேட்ட பிள்ளைகள் அதன்பின் சாளரத்தை விட்டு அகன்றாரில்லை.

காடு விலக, வாவி விரிந்தது. வண்டி வேகம் தணிந்து இரும்புப் பாலத்தில் ஏறிற்று. இதுவே ஓட்டமாவடிப் பாலம். நெடுங்காலம் புகையிரதமும் மோட்டார் வண்டிகளும் இவ்வொரு பாலத்தையே மாறி மாறிப் பயன்படுத்தின; ஒன்று கடக்கும்வரை மற்றது காத்து நிற்கும். இப்போது மோட்டார் வண்டிகளுக்கென அருகே வேறு பாலம் உண்டு. கீழே தோணியில் நின்றவாறு ஒருவர் வலை வீசிக்கொண்டிருந்தார்.

வாழைச்சேனை நிலையத்தில் இறங்கினோம். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் ஊர்கள் இவை. மொழி ஒன்று, வழக்கங்கள் பலவும் ஒன்றே. தாய்வழியாகக் 'குடி' கொள்ளும் முறை மட்டக்களப்புப் பகுதியில் இரு சாராரிடத்தும் உண்டு. வீடு மகளுக்குச் சேர்வதும், மணமகன் மனைவியின் இல்லத்திற்கு வாழச் செல்வதும் இருவர்க்கும் பொது. கோயிலுக்கு வண்ணக்கரையும் பள்ளிவாசலுக்கு மரைக்காயரையும் குடிவழியே தெரிந்தெடுத்தல் பழைய மரபு.

எம்மிடம் பயின்ற முஸ்லிம் நண்பரின் இல்லத்தில் காலையுணவு. நாம் மரக்கறி உண்போர் என்பதறிந்து, அவர் தாயார் அதற்கெனப் புதிய பாத்திரங்களில் சமைத்திருந்தார். குழலில் அவித்த புட்டு, பாலாணம், சட்டியில் கட்டியான எருமைத் தயிர்!

"தமிழரும் முஸ்லிம்களும் புட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று இங்கே சொல்வார்களாமே?" என்று வினவினோம். அம்மையார் உடனே விடை கூறவில்லை. எமது வினாவின் பாரம் அப்போதுதான் எமக்குப் புலனாயிற்று. 1990ஆம் ஆண்டின் வன்செயல்களில் கிழக்கு மாகாணத்தில் இரு சமூகத்தவரும் உற்றாரை இழந்தனர். ஒருவர் ஊருக்குள் மற்றவர் செல்ல அஞ்சிய காலம் அது. போர் 2009இல் முடிந்தது. மனத்தின் அச்சம் அத்துணை விரைவில் முடிந்துவிடுமோ?

சிறிது நேரத்தின்பின் அம்மையார் புட்டுத் தட்டை எம் பக்கம் நகர்த்தினார். "பூவைக் குறைச்சா புட்டு விக்கும், தம்பி. ரெண்டும் வேணும். சாப்பிடுங்க," என்றார்.

மாணவர்களே, விடுமுறையில் இப்பகுதிக்குச் செல்லுங்கள். அருகிலுள்ள பாசிக்குடாவில் நெடுந்தூரம் ஆழமற்றுத் தெளிந்திருக்கும் கடலையும் காணுங்கள். ஆயின் ஊரார் ஒருவரின் வீட்டிலமர்ந்து உண்ணாது திரும்பாதீர்கள். புட்டை ஒருநாள் அவித்துப் பலநாள் உண்ண இயலாது. அன்றன்று அவித்தல் வேண்டும். அயலார் உறவும் அத்தகையதே என்பதை நாம் அவ்வீட்டிற் கற்றோம்.