பழைய தகரமும் பகலவன் வெப்பமும்

ஏலக்காயை நாம் மணத்திற்காக வாங்குகிறோம். ஆனால் மலைச் சந்தையில் அதற்கு முதலில் விலை கூறுவது கண்ணேயாகும். பசுமை மாறாத காய்க்கு ஒரு விலை. வெளிறிய காய்க்கு வேறொரு விலை. ஓராண்டு உழைப்பின் பயன், பறித்தபின் கழியும் ஓரிரு நாட்களில் அக்காய் எவ்வாறு உலர்த்தப்படுகிறது என்பதைப் பொறுத்திருக்கிறது. அந்த ஓரிரு நாட்களில் கதிரவனிடமிருந்து நாம் என்ன உதவி பெறலாம், எந்த அளவுக்குப் பெறலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், குமுளிக்கு வடக்கே, அணக்கரையை ஒட்டி அமைந்துள்ள சிற்றூர் சக்குபள்ளம். சுமார் 3,000 அடி உயரத்தில் அமைந்த ஏலமலைப் பகுதி அது. கம்பம், கூடலூர், உத்தமபாளையம் ஆகிய ஊர்களிலிருந்து விடியுமுன்னே ஜீப்புகளில் புறப்பட்டு, குமுளி வழியாகவும் கம்பமெட்டு வழியாகவும் மலையேறி, மாலையில் வீடு திரும்பும் தமிழ்த் தொழிலாளர்கள் மிகப் பலர். தலைமுறை தலைமுறையாக அங்கேயே குடியேறிவிட்டோரும் உண்டு. என் அத்தை அவர்களுள் ஒருவர். முப்பது ஆண்டுகள் பிறர் தோட்டத்தில் காயெடுத்தபின், மாமாவும் அவருமாகச் சேர்த்த பணத்தில் அரை ஏக்கர் நிலம் வாங்கி ஏலம் நட்டிருக்கிறார்கள்.

அங்கே சென்றிருந்தபோது ஒரு காட்சியைக் கண்டேன். அத்தை பச்சைக்காயைச் சாக்கில் கட்டிப் பக்கத்துத் தோட்டத்து ஸ்டோருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஏலக்காய் உலர்த்தும் அறை கொண்ட கட்டடத்தை அங்கே ஸ்டோர் என்றே அழைக்கிறார்கள். வெளியே அடுப்பில் விறகெரிய, சூடேறிய குழாய்கள் அறைக்குள் ஓட, தட்டுகளில் பரப்பிய காய் ஓரிரவும் ஒரு பகலும் உலர்கிறது. இக்காலத்தில் சில இடங்களில் எரிவாயுவும் மின்சாரமும் பயன்படுகின்றன. சொந்த ஸ்டோர் இல்லாத சிறு விவசாயி, உலர்த்துவதற்குக் கூலி கொடுத்தாக வேண்டும்.

"இவ்வளவு வெயில் அடிக்கிறதே, அத்தை! முற்றத்தில் பாய் விரித்துப் போட்டால் கூலி மிச்சமாகுமே?" என்று கேட்டேன்.

அத்தை சிரித்தார். "மிளகென்றால் போடலாம், அப்பா. அது கறுத்தால்தான் அழகு. ஏலம் வெயிலைக் கண்டால் வெளுத்துவிடும். அதற்குச் சூடு வேண்டும், வெளிச்சம் ஆகாது" என்றார்.

பள்ளிக்கூடம் அதிகம் அறியாத அந்த அம்மையார் கூறிய ஒரு வாக்கியத்தில் ஒரு விஞ்ஞான சாதனத்தின் முழுத் தத்துவமும் அடங்கியிருந்தது. ஏலக்காய்த் தோலின் பசுமைக்குக் காரணம் பச்சையம் என்னும் பொருள். நேரான வெயிலில் அது சிதைந்துவிடும். எனவே வெயிலை ஓரிடத்தில் நிறுத்தி, அதன் வெப்பத்தை மட்டும் காற்றின் மேல் ஏற்றி, அந்தக் காற்றை இருளான பெட்டிக்குள் இருக்கும் காயிடம் அனுப்பினால் போதும். இதைச் செய்வதே சூரியக் காற்றுச் சூடேற்றி. அரசாங்க ஏடுகளை மொழிபெயர்க்கும் என் அலுவலில் இச்சொல்லைப் பலமுறை எழுதியிருக்கிறேன். அதன் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கியது.

சூடான காற்று ஏன் உலர்த்துகிறது? காற்றுக்கு நீராவியைத் தாங்கும் ஓர் அளவுண்டு. வெப்பம் ஏற ஏற அவ்வளவும் பெருகும். 20 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 45 டிகிரியில் உள்ள ஒரு கன மீட்டர் காற்றோ ஏறத்தாழ 65 கிராம் தாங்கும். மூடுபனியால் நனைந்த மலைக் காற்றேயானாலும், அதனை 45 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டால் அது தாகமுற்ற காற்றாக மாறி, காயிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு செல்லும்.

இந்தக் கருத்து புதியதன்று. 1767-ஆம் ஆண்டில் ஜினீவா நகரத்து விஞ்ஞானி டி சோசூர், கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வெயிலை அடைத்து, வெளிக்காற்றினும் மிகுந்த வெப்பத்தைப் பெற்றுக் காட்டினார். கண்ணாடி வெயிலின் ஒளியை உள்ளே விடும். உள்ளே சூடேறிய பொருளிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிரை எளிதில் வெளியே விடாது. வெயிலில் நிறுத்திய மோட்டார் காரின் கதவைத் திறந்தவர்களுக்கு இந்த உண்மையை விளக்கத் தேவையில்லை.

இனி, வீட்டிலேயே இதனை அமைக்கும் முறையைக் காண்போம். வேண்டிய பொருள்களிற் பெரும்பாலானவை பழைய இரும்புக் கடையிலும், இடித்த வீட்டிலும் கிடைப்பவை. இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள ஒரு மரப்பெட்டி செய்துகொள்ளுங்கள். பழைய பலகைகள் போதும். அடியில் தென்னை நாரையோ வைக்கோலையோ இரண்டு மூன்று அங்குல கனத்திற்கு நன்றாக உலர்த்தி அடைத்து, மேலே மெல்லிய தகடு ஒன்றை மூடுங்கள். வெப்பம் கீழே கசியாதிருக்க இது உதவும். அதற்கு மேல் சுமார் இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு, கூரையிலிருந்து கழற்றிய நெளிதகரத்தைப் பொருத்தி, பளபளப்பில்லாத கறுப்பு வர்ணம் பூசுங்கள். அந்த இடைவெளியே காற்று செல்லும் பாதை. தகரத்துக்கு மேல் ஓரங்குலம் விட்டுப் பழைய ஜன்னல் கண்ணாடிகளைப் பதித்து, ஓரங்களை மக்கு வைத்து அடையுங்கள்.

தகரத்துக்குப் பதிலாகப் பானங்கள் அடைத்து விற்கும் அலுமினிய டப்பாக்களையும் கொள்ளலாம். அடியிலும் தலையிலும் துளையிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் குழாய் போலாக்கி, கறுப்புப் பூசி, வரிசையாக அடுக்கினால், காற்று அவற்றினுள்ளே சென்று சூடேறும். பயணிகள் வந்து போகும் தேக்கடியை அடுத்த ஊர்களில் இவ்வகை டப்பாக்களுக்குக் குறைவில்லை. ஆயினும் துளையிடவும் ஒட்டவும் பொறுமை வேண்டும். நெளிதகரமே எளிய வழி.

பெட்டியைத் தெற்கு நோக்கி, ஏறத்தாழ 20 டிகிரி சாய்வில் நிறுத்த வேண்டும். கீழ் முனையில் காற்று நுழையும் வாயில்; அதில் எலியும் பூச்சியும் புகாதபடி கம்பி வலை. மேல் முனையில் உலர்த்தும் பெட்டி. சூடான காற்று இலேசானதால் தானே மேலேறும், விசிறி தேவையில்லை. உலர்த்தும் பெட்டிக்குள் வலைத் தட்டுகளை அமைத்து, காயை ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். பெட்டியின் மேலே ஒரு மீட்டர் உயரத்துக்குத் தகரக் குழாய் ஒன்றைப் புகைபோக்கி போல நிறுத்திக் கறுப்புப் பூசினால், அது காற்றை இழுத்து வெளியேற்றும். மழைநீர் இறங்காதபடி அதற்கு ஒரு குல்லாய் வேண்டும். உலர்த்தும் பெட்டியில் எங்கும் கண்ணாடி இருத்தல் கூடாது.

உள்ளே ஒரு வெப்பமானி அவசியம். 45 முதல் 55 டிகிரி வரை ஏலத்திற்கு ஏற்றது. அதற்கு மேற்போனால் தோல் வெடிக்கும்; மணம் தரும் எண்ணெயும் ஆவியாகும். மிகக் குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். அத்தை வீட்டில் நாங்கள் அமைத்த பெட்டியில் முதல் முறை பரப்பிய காய், நடுப்பகலில் யாரும் கவனிக்காததால் வெடித்துப் போயிற்று. அடுத்த முறை, கூடுதலான சூட்டை வெளிவிடச் சிறு கதவொன்றை வைத்த பின்னரே காய் பசுமையாக வந்தது.

இப்போது கணக்குப் பார்ப்போம். கணக்கில்லாத உற்சாகம் ஏழையின் பணத்தைக் கரைத்துவிடும். தெளிந்த நாளில் ஒரு சதுர மீட்டரில் விழும் வெயில் சுமார் 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி உடையது. நம் பெட்டி அதில் ஏறத்தாழ 2 யூனிட்டைக் காற்றுக்குக் கொடுக்கும். அதிலும் பாதிதான் ஈரத்தை ஆவியாக்கப் பயன்படும் என்று கொள்வோம். ஒரு கிலோ நீரை ஆவியாக்கச் சுமார் மூன்றில் இரண்டு பங்கு யூனிட் வேண்டும். ஆகவே ஒரு சதுர மீட்டர் ஒரு நாளில் ஒன்றரைக் கிலோ நீரை நீக்கும். நமது இரண்டு சதுர மீட்டர் பெட்டி மூன்று கிலோ நீக்கும். ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்து ஒரு கிலோ ஆகிறது. அதாவது நான்கு கிலோ நீர் வெளியேறுகிறது. எனவே நாளொன்றுக்கு நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவான பச்சைக்காய்க்குரிய வேலையையே இப்பெட்டி செய்யும். வீட்டைச் சுற்றி நூறு செடி வைத்திருப்பவருக்கு இது உதவி, பெருந்தோட்டத்துக்குப் போதாது.

மற்றொரு குறையையும் மறைத்தலாகாது. காயெடுப்பு மழைக்காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஆடி ஆவணியில் ஏலமலையில் வெயில் முகம் காட்டுவது அரிது. இரவிலோ பெட்டி முற்றிலும் உறங்கும். அப்போது வாயில்களை மூடாவிட்டால் உலர்ந்த காய் மீண்டும் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். ஆகவே இப்பெட்டி ஸ்டோரின் இடத்தை முழுவதும் பிடித்துக்கொள்ளாது. ஐப்பசிக்குப் பின் வெயில் தெளியும் நாட்களில் அதன் சுமையைக் குறைக்கும். பகலில் பெட்டி ஈரத்தின் பெரும் பங்கை நீக்கிவிட்டால், எஞ்சியதற்கு மட்டும் விறகு போதும்.

இவ்வாறு நெருப்புக்கு வெயிலைத் துணையாக்கும் முறை தொழிற்சாலையிலும் பயன்பட்டிருக்கிறது. மலையடிவாரத்தில் உள்ள தேனியைச் சார்ந்த பிளான்டர்ஸ் எனர்ஜி நெட்வொர்க் என்னும் நிறுவனம், தேயிலைத் தொழிற்சாலைகளின் கூரையையே காற்றுச் சூடேற்றியாக அமைக்கும் முறையை வளர்த்தது. அடுப்புக்குச் செல்லும் காற்று கூரையிலேயே ஓரளவு சூடேறிவிடுகிறது. 212 சதுர மீட்டர் பரப்புள்ள இத்தகைய கூரை அமைந்த ஒரு தென்னிந்தியத் தொழிற்சாலையைப் பற்றி 1998-இல் வெளியான ஆய்வில், எரிபொருள் ஏறத்தாழ 25 விழுக்காடு மிச்சமாயிற்று என்று கண்டிருக்கிறார்கள். நான்கு விறகுக்கு ஒரு விறகு மிச்சம் என்பது சிறிய செய்தியன்று. அந்த ஒரு விறகு காட்டில் நிற்கும் மரமாகும். அடுப்படியில் நிற்பவர் விழுங்காத புகையும் ஆகும்.

பழைய பொருள்களைக் கொள்வதில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. ஏலத் தோட்டங்களில் பூச்சிமருந்து அடிப்பது வழக்கம். மருந்து வந்த டப்பாவையும் பீப்பாயையும் எவ்வளவு கழுவினாலும் இதற்குப் பயன்படுத்தவே கூடாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டை அறுக்கவோ உடைக்கவோ கூடாது. அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். வர்ணம் பூசிய பெட்டியை, வாடை முற்றிலும் போகும்வரை பல நாட்கள் வெறுமனே வெயிலில் காயவிட்ட பின்னரே காயைப் பரப்ப வேண்டும்.

"எங்கள் ஊரில் ஏலம் இல்லையே" என்று டில்லியிலும் சண்டிகரிலும் சிம்லாவிலும் வாழும் தமிழ் நேயர்கள் கேட்கலாம். அவர்களுக்கு ஏலம் இல்லாவிட்டாலும் மார்கழிக் குளிர் உண்டு. இதே பெட்டியைத் தெற்குச் சுவரின் வெளிப்புறத்தில் நிறுத்தி, சுவரில் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரு துளைகள் அமைத்தால், அறையின் குளிர்ந்த காற்று கீழ்த்துளை வழியே பெட்டிக்குள் சென்று, சூடேறி மேல்துளை வழியே அறைக்குத் திரும்பும். இரவில் துளைகளை மூடிவிட வேண்டும். இல்லையேல் ஓட்டம் திரும்பி அறை குளிர்ந்துவிடும். அமெரிக்காவில் எட்வர்ட் மோர்ஸ் என்பவர் 1881-இல் இத்தகைய அமைப்பிற்குக் காப்புரிமை பெற்றார். பிரெஞ்சு விஞ்ஞானி ஃபெலிக்ஸ் திரோம்ப் 1960-களில் சுவரையே வெப்பத்தைச் சேமிக்கும் கலமாக்கி வீடு அமைத்தார். அவர் பெயரால் வழங்கும் சுவர்கள் இன்று நமது லடாக்கின் கடுங்குளிரிலும் வீடுகளைக் காக்கின்றன. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க இயலாதவர்கள் ஜன்னலில் பொருந்துமாறு சிறிய பெட்டி செய்துகொள்ளலாம். பகலில் கதகதப்புக் கிடைக்கும்; இரவுக்குக் கம்பளி வேண்டியதுதான்.

சக்குபள்ளத்தை விட்டுப் புறப்பட்ட அன்று அத்தை ஒரு சிறு பொட்டலம் கொடுத்தார். பிரித்துப் பார்த்தேன், கிளிப்பச்சை நிறம் மாறாத ஏலக்காய். "இது ஸ்டோருக்குப் போகாத காய். கூலியும் கொடுக்கவில்லை, விறகும் எரிக்கவில்லை. மழை வந்தால் மறுபடியும் ஸ்டோர்தான், அதுவரைக்கும் இது போதும்" என்றார். பெட்டியின் பயனையும் எல்லையையும் அவர் சரியாகவே அளந்துவிட்டார். நம் வீட்டுக் கொல்லையில் கிடக்கும் தகரத்தையும் கண்ணாடியையும் எடைக்குப் போடுமுன், அவற்றின் மேல் விழும் வெயிலையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக.